செயலாளர் ஆண்டறிக்கை – பொதுக்குழுவுக்கு வராதவங்களுக்காக

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை நம்ம சங்கத்துப் பொதுக்குழுவுல படிச்ச அறிக்கைதான் இது. 46 உறுப்பினர்ல 11 பேர் வந்தீங்க, அதுலயும் ரெண்டு பேர் டீ குடிச்சிட்டு நைசா கிளம்பிட்டீங்க, அதனால மிச்சப் பேருக்கு இங்க போடுறேன்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி நடந்துச்சு. ஆடிப்பெருக்குக்கு முன்னாடி ஓடம்போக்கி ஆத்துப் படித்துறைய சுத்தம் பண்ணோம். கண் பரிசோதனை முகாம் நல்லபடியா முடிஞ்சுது. கொடியேத்தம் வழக்கம்போல.

இப்ப சனிக்கிழமை நாடக வகுப்பு. ஆளாளுக்கு பேசிட்டீங்க, நானும் கொஞ்சம் பேசிக்கிறேன். அஞ்சுலேர்ந்து எட்டு வயசு வரைக்கும் 19 புள்ளைங்க. மீசை ஒட்டி மேடையேத்தி வசனம் பேச வைப்பேன்னு நெனச்சிருந்தீங்க போல, “வசனமே இல்லாம இது என்னா நாடகம்”னு ஒரு மூத்த உறுப்பினர் நேரடியாவே கேட்டாரு. அண்ணே, மனப்பாடம் பண்ணி நடிக்கிறதுன்னா நமக்குத் தெரியாததா? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரையில சின்னப் பசங்கள வச்சே நாடக சபா ஆரம்பிச்சவரு. இந்தப் பக்கம் மெலட்டூர்ல நரசிம்ம ஜெயந்திக்கு பாகவத மேளான்னு நாட்டிய நாடகம் விடிய விடிய நடக்குது. அதெல்லாம் வருஷக்கணக்குல பழகுற வித்தை. யூகேஜி புள்ளைக்கு வசனத்த குடுத்தா அது அம்மா மூஞ்சிய பாத்து ஒப்பிக்கும், அவ்வளவுதான்.

நாங்க பண்றது வேற. வட்டமா உக்கார வச்சு கதை சொல்லி பாதியில நிறுத்திடுவோம், மிச்சத்த அதுங்களே நடிக்கணும். டீச்சர் துண்ட தலையில கட்டினா ராஜா, அவுத்தா டீச்சர். இத பெரியவங்களுக்கு விளக்குறதுக்குத்தான் நேரம் ஆவுது, புள்ளைங்க டக்குனு புடிச்சிக்கிச்சு.

மனுநீதிச் சோழன் கதை எடுத்தோம், திருவாரூர் கோயில் பக்கத்துல கல்தேரே நிக்குதே. ஜன்னல்ல மணியக் கட்டி கயித்த தொங்கவிட்டோம். பசுவா வந்தது மூணு வாரமா வகுப்புல வாயே தொறக்காத ஒரு பொண்ணு. நாலு கால்ல தவழ்ந்து வந்துச்சு, கையத் தூக்கிட்டு ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு கைய கீழ ஊனிடுச்சு, அப்புறம் கயித்த வாயால கவ்வி இழுத்துச்சு. யாரும் சொல்லிக் குடுக்கல. ராஜா நீதி வழங்கப் போறப்ப “அவன கொல்லாத, என் கன்னுக்கு தண்ணி குடு”ன்னுச்சு. செத்துக் கெடந்த கன்னுக்குட்டிப் பையன் உடனே “ஆமா, நான் இன்னும் சாவல”ன்னு எந்திரிச்சிட்டான். ராஜாவுக்கு, அதாவது டீச்சருக்கு, என்ன தீர்ப்பு சொல்றதுன்னே தெரியல. (கயிறு அழுக்குன்னு அந்தப் பொண்ணோட அம்மா என்னைத் திட்டினது தனிக்கதை.)

இதுக்கு ஆன செலவு டீச்சரோட பஸ் காசும் ரெண்டு டஜன் துண்டும்தான். சங்கப் பணம் வீணாவுதுன்னு பேசுறவங்க பேர சந்தா நோட்டுல தேடிப் பாத்தேன், கெடைக்கல.

வரவு செலவு பொருளாளர் படிச்சாரு, கிட்டத்தட்ட சரியா இருக்கு, பழைய பாக்கிதான் கொஞ்சம் முன்னபின்ன, சந்தேகம்னா நோட்ட வந்து பாத்துக்கலாம். சந்தா வருஷத்துக்கு 300 ரூபா, கட்டினவங்க 17 பேர். மேட்டூர் தொறக்கட்டும்னீங்க, தண்ணி கடைமடை வரைக்கும் வந்துடுச்சு. சம்பா நடவு முடியட்டும்னீங்க, இப்ப அறுப்பே முடிஞ்சு வைக்கோல் போரும் போட்டாச்சு.

கட்டடம் குடுத்தவங்க, மைக் செட்காரர், பந்தல்காரர், டீக்கடை அண்ணன் எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் நான் செயலாளரா நிக்கிறதா இன்னும் முடிவு பண்ணல. கட்டடத்து சாவி என்கிட்டதான் இருக்கு, யாரு வேணா வாங்கிக்கலாம், ஆனா சனிக்கிழமை பத்து மணிக்கு கதவத் தொறந்துடணும், புள்ளைங்க ஒம்பதே முக்காலுக்கே வாசல்ல வந்து உக்காந்திருக்கும். ஜிபே நம்பர் குரூப்ல மேல பின் பண்ணியிருக்கேன்.