கரிந்தியாவின் பள்ளிகளில் ஸ்லோவேனிய மொழிக்கு விண்ணப்பம் எதற்கு?

ஆஸ்திரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கரிந்தியா மாநிலப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

மதிப்பிற்குரியோரே,

2020 அக்டோபர் 10 அன்று, தென் ஆஸ்திரிய மாநிலமான கரிந்தியாவின் தென்பகுதி ஆஸ்திரியாவோடு இருப்பதா, பின்னர் யூகோஸ்லாவியா ஆன அரசோடு சேர்வதா என்று முடிவுசெய்த பொது வாக்கெடுப்பின் நூற்றாண்டு விழாவில், உங்கள் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஃபான் டெர் பெல்லன் அங்கு சிறுபான்மையினராக வாழும் ஸ்லோவேனியர்களிடம் அவர்களுடைய மொழியிலேயே மன்னிப்புக் கேட்டார். இழைக்கப்பட்ட அநீதிக்காக மட்டுமல்லாமல், அரசியலமைப்பு உறுதியளித்த உரிமைகளை நிறைவேற்றத் தவறியதற்காகவும் அவர் வருந்தினார். அத்தவறுகளுள் ஒன்று இன்னும் திருத்தப்படவில்லை என்பதாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

1920இல் வாக்களித்த தென்கரிந்தியப் பகுதியில் ஸ்லோவேனிய மொழி பேசுவோரே பெரும்பான்மையினர். அப்படியிருந்தும் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் ஆஸ்திரியாவோடு இருக்கவே விரும்பினர். அதாவது, ஸ்லோவேனியர்களின் வாக்குகள் இல்லாமல் அந்த முடிவு கிடைத்திருக்காது. வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்புதான் மாநிலப் பேரவை அவர்களுடைய மொழியையும் தனித்தன்மையையும் காப்பதாக வாக்குறுதி அளித்திருந்தது. அந்த வாக்குறுதி என்ன ஆயிற்று என்பதற்கு, 1942 ஏப்ரலில் நாஜி ஆட்சி நூற்றுக்கணக்கான ஸ்லோவேனியரைக் குடும்பம் குடும்பமாக நாடு கடத்தியதே மிகக் கொடிய சான்று.

போருக்குப் பின், 1945இல், நல்லதொரு தொடக்கம் அமைந்தது. தென்கரிந்தியாவின் இருமொழிப் பகுதியில், வீட்டில் எந்த மொழி பேசினாலும், எல்லாக் குழந்தைகளும் தொடக்கப் பள்ளியின் முதல் ஆண்டுகளில் இரு மொழிகளையும் கற்றனர். ஆஸ்திரியாவின் இறைமையை மீட்டளித்த, 1955இல் கையெழுத்தான அரசு உடன்படிக்கையின் 7ஆம் பிரிவும் ஸ்லோவேனிய மொழியில் தொடக்கக் கல்வியை உரிமையாக உறுதிசெய்தது. ஆனால் 1958இல், பெற்றோர் தம் பிள்ளைகளை அவ்வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம் என்ற ஆணை வந்தது. நிலக்கிழாரையோ முதலாளியையோ நம்பிப் பிழைத்த எளிய குடும்பங்கள் எத்தகைய நெருக்கடியில் அந்த விலகல் தாளில் கையெழுத்திட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. மிகப் பெரும்பான்மையான குழந்தைகள் விலக்கப்பட்டனர். மறு ஆண்டு வந்த சட்டம் இதனைத் தலைகீழாக்கி, ஸ்லோவேனியம் வேண்டும் என்போரே பெயரைப் பதிவுசெய்ய வேண்டும் என்றாக்கியது. அந்த ஏற்பாடே இன்றும் நீடிக்கிறது.

ஊர்ப்பெயர்ப் பலகைகளின் கதை உலகறிந்தது. 1972இல், ஜெர்மனிலும் ஸ்லோவேனியத்திலும் ஊர்ப்பெயர் எழுதிய பலகைகள் பிடுங்கி எறியப்பட்டன. 2001இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இருமொழிப் பலகைகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தும், 164 ஊர்களுக்கான உடன்பாடு 2011இல்தான் கைகூடியது. அது பாராட்டத்தக்கது. ஆயினும், பலகையைப் படிக்கும் தலைமுறை இல்லாத ஊரில் அது வெறும் தகரமாகவே நிற்கும். 1910இல் கரிந்தியாவில் ஏறத்தாழ 66,000 பேர் ஸ்லோவேனியத்தைத் தம் மொழியாகக் கூறினர். 2001இல் அவர்கள் ஏறத்தாழ 12,500 பேர் மட்டுமே.

பெற்றோரின் விருப்பத்தை மதிக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் பாடம் கற்க எந்தப் பள்ளியும் பெற்றோரிடம் விண்ணப்பம் கேட்பதில்லை. நாட்டின் அடிப்படைச் சட்டமே உறுதியளித்த ஒரு மொழிக்கு மட்டும் அது ஏன் தேவைப்படுகிறது? விலகும் உரிமையை வைத்துக்கொண்டு பதிவை மட்டும் நீக்கினாலும் போதாது. அந்த உரிமையே அச்சுறுத்தும் கருவியானதை 1958 காட்டிவிட்டது. இன்று ஜெர்மன் பேசும் பல வீடுகளும் தம் பிள்ளைகளை விரும்பி இவ்வகுப்பில் சேர்ப்பதால், கட்டாயப் பாடத்தை ஜெர்மன் பேசுவோர் எதிர்ப்பர் என்ற பழைய அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்றே கருதுகிறேன்.

ஆகவே, இருமொழிப் பகுதியின் தொடக்கப் பள்ளிகளில் பதிவு முறையை நீக்கி, 1945இல் இருந்ததுபோல் எல்லாக் குழந்தைகளுக்கும் இரு மொழிகளையும் கற்பிக்க வேண்டுகிறேன். வீட்டில் ஸ்லோவேனியத்தைக் கேளாத குழந்தைக்கு ஆறு வயதில் தொடங்குவது தாமதம் என்பதால், மழலையர் பள்ளியிலேயே அம்மொழி ஒலிக்க வழிசெய்யுங்கள். அதற்கான ஆசிரியர்களை உருவாக்கும் செலவை, ஆண்டுதோறும் கெஞ்சிப் பெறும் மானியமாக விடாமல், சட்டத்திலேயே உறுதிசெய்யுங்கள்.

மதிப்புடன்,
தமிழ் வாசகர் ஒருவர்