ஐசி காப்பி, ரெண்டு பக்கமும்

தம்பி,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். பாட்டிக்குக் கால் வீக்கம் வத்திடுச்சு. வாட்ஸ்அப்பில் அனுப்பினா நீலக் கோடு விழுது, பதில்தான் வரமாட்டேங்குது. அதான் கூரியர். கூடவே நீ கையெழுத்துப் போட ஒரு பாரமும் வச்சிருக்கேன்.

நம்ம புக்கிட் மெர்தாஜாம் வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தவங்க ராத்திரியோட ராத்திரியா போயிட்டாங்க. நாலு மாச வாடகை பாக்கி. கதவில் அவங்க பூட்டு. ஜன்னல் வழியா பார்த்தேன்: கட்டில், ரைஸ் குக்கர், பிள்ளையோட பள்ளிக்கூடப் பை. முருகன் படத்தைக்கூட விட்டுட்டுப் போயிருக்காங்க, மாலை காஞ்சு தொங்குது. சித்தப்பா பூட்டை உடைச்சு, சாமானை வித்து வாடகையைக் கழிச்சுக்கலாம்னு நிக்கிறார். லாயரம்மா தொடவே கூடாதுன்னுட்டாங்க. போயிட்டாங்கன்னு நாமளா முடிவு கட்டக் கூடாதாம். பாக்கிக்குச் சாமானைப் பிடிக்கிறதுன்னாலும் 1951-ம் வருஷச் சட்டப்படி கோர்ட்டில் வாரண்டு எடுக்கணும், அதுவும் 12 மாச வாடகை வரைக்கும்தான். நாம எடுத்து வித்தா, நாளைக்கு அவங்க வந்து நம்ம மேலேயே வழக்குப் போடலாம். என் வீட்டுக்குள்ள போக எனக்கே பயம், பாரேன்.

பின்பக்க ஸ்டோரில் வேற யாரோ ஒருத்தன் பாய் விரிச்சுப் படுத்திருக்கான். சித்தப்பா தமிழ்நாட்டு வக்கீல் யாரோ பேசின யூடியூப்பைப் பார்த்துட்டு வந்து, 12 வருஷம் இருந்தா அவனுக்கே சொந்தம்னு சொல்லிப் பாட்டியை அழ வச்சுட்டார். அது அந்த ஊர்ச் சட்டம். இங்க மலேசியாவில் 1965 தேசிய நிலச் சட்டம், 341-வது பிரிவு. எத்தனை வருஷம் குந்தியிருந்தாலும் கிராண்டில், அதான் நிலப் பட்டாவில், பேர் உள்ளவங்களுக்குத்தான் நிலம். அத்துமீறி வந்தவனை எழுப்ப ஹைகோர்ட்டில் சுருக்கு வழி ஒன்னும் இருக்காம்.

ஆனா கிராண்டில் யார் பேர் இருக்கு? உங்க அப்பா பேர். அவர் இப்ப இல்லை, அதனால வழக்குப் போட அவர் சொத்துக்கு ஒரு நிர்வாகி வேணும், அதுக்கு புசாக்கா கெச்சில் ஆபீஸில், அதான் சின்னச் சொத்துப் பங்கீட்டு ஆபீஸில், விசாரணை முடியணும். இப்ப 50 லட்சம் ரிங்கிட் வரைக்கும் உள்ள சொத்தை அங்கேயே முடிச்சுடலாம், நம்ம வீடு அதில் ஒரு மூலைக்கு வராது. அப்பா உயில் எழுதலை. அதனால எனக்குக் கால் பங்கு, பாட்டிக்குக் கால், உனக்கும் அக்காவுக்கும் சேர்த்துப் பாதி. மகன் மகள் வித்தியாசம் கிடையாது. பாட்டிக்குப் பிறகு அந்தக் கால் பங்கில் சித்தப்பாவுக்கும் பங்கு வரும். அவர் ஏன் இந்த ஓட்டம் ஓடுறார்னு இப்ப புரியுதா? நல்லவர்தான், வாய்தான் கொஞ்சம்.

உன் பங்கை விட்டுக்கொடுன்னு நான் கேட்கலை. நேர்ல வர முடியாதவங்க சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட்டா போதும். நீ இருக்கிற பெர்த்திலேயே மலேசியத் துணைத் தூதரகம் இருக்கு, அவங்க முன்னால போடு. தைப்பூசத்துக்கு வர்றேன்னு சொன்னே, தண்ணீர்மலை முருகன் கோயிலில் எல்லாரும் உன்னைக் கேட்டாங்க. வேலைன்னு சொன்னேன். பேரன் அங்க பெரிய எஞ்சினியர்னு பாட்டி பூக்காரம்மா வரைக்கும் சொல்லி வச்சிருக்காங்க. எனக்கும் பெருமைதான். ஆனா பெர்த் என்ன நிலாவா? கேஎல்லில் ஏறினா அஞ்சரை மணி நேரம். அப்பா திதிக்கு ஒரு போன்கூட இல்லையே தம்பி.

சுங்கை பட்டாணி பெரியம்மா மகன் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிட்டானாம். நம்ம நாடு ரெண்டு வச்சிருக்க விடாதே, சிவப்புப் பாஸ்போர்ட், ஐசி அடையாள அட்டை எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டானாம். பெரியம்மாவுக்கு அடுத்தவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. அது அவங்க வீட்டு விஷயம். எதுக்கு இதை எழுதுறேன்னு தெரியலை.

வேளைக்குச் சாப்பிடு. பாரத்தில் கையெழுத்துப் போட்டுட்டு ஐசி காப்பியும் சேர்த்து அனுப்பு, ரெண்டு பக்கமும், நம்பர் தெளிவா தெரியணும். நீ படிக்கப் போனப்போ எடுத்த காப்பி என்கிட்ட இருக்கு. அக்கா அதையே கொடுத்துடலாம்னு சொல்றா, நான்தான் வேண்டாம்னேன். இப்ப உன் கையில இருக்கிறதை எடுத்து அனுப்பு.

அம்மா