வகைப்பாட்டியல் தாளை மழைக்காலத்துக்கு மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் பாடத்திட்டக் குழுக்கள் கூடும் நேரம் இது. இளநிலைத் தாவரவியலில் எந்தப் பருவத்துக்கு எந்தத் தாள் என்று முடிவு செய்யப்போகும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் பேராசிரியர் இல்லை. கல்லூரி ஒன்றில் தாவரவியல் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். செய்முறைத் தேர்வுக்குப் பூவும் செடியும் தேடிக் கொண்டுவந்து மேசையில் வைத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியில் வகைப்பாட்டியல் தாள், அதாவது செடிகளை இனம்கண்டு குடும்பவாரியாகப் பிரிக்கும் பாடம், நான்காம் பருவத்தில் இருந்தது. டிசம்பரில் வகுப்பு தொடங்கும். குடும்பம் குடும்பமாக நடத்தி முடித்துக் களப்பயணம் கிளம்பும்போது மார்ச் வந்துவிடும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அந்த ஈரத்தில் முளைத்த விஷ்ணுகிராந்தி, ஓரிதழ்த்தாமரை, கானாம்வாழை, முடக்கத்தான் எல்லாம் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் மார்ச்சில் சருகுதான்.

தேர்வு நாள் காலையில் நான் என்ன செய்ய முடியும்? மால்வேசி குடும்பம் என்றால் செம்பருத்தி, சோலனேசி என்றால் ஊமத்தை, அபோசைனேசி என்றால் நித்தியகல்யாணி. எந்த மாதமும் வேலியோரம் பூத்து நிற்பவை இவைதான். பிள்ளைகளும் விவரமானவர்கள். இந்தப் பூக்களின் நீள்வெட்டுப் படத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். ஒருமுறை செம்பருத்திக்குப் பதில் துத்திப் பூவை வைத்தேன். அதே ஐந்து இதழ், அதே மகரந்தத் தாள் குழல். ஆனாலும் பலர் குடும்பம் தெரியாமல் விழித்தார்கள். செம்பருத்தியைத் தவிர வேறொரு மால்வேசியை அவர்களுக்கு யார் காட்டினார்கள்?

துறையின் பழைய ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிய தொகுப்பு) அலமாரியைத் திறந்து பார்த்தால் விஷயம் புரியும். செமஸ்டர் முறைக்கு முன்பு ஒட்டிய தாள்களின் லேபிளில் அக்டோபர், நவம்பர், ஜனவரி என்று இருக்கும். செடி வேரோடு, பூவும் காயுமாக இருக்கும். (மெர்க்குரிக் குளோரைடு என்ற நச்சு தடவியவை. கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.) பிறகு வந்த தாள்களில் தேதி மார்ச், செடி பெரும்பாலும் நர்சரியில் வாங்கிய குரோட்டன்ஸ். திருச்சி தூய வளனார் கல்லூரியில் மேத்யூ அடிகளார் 1967இல் தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. மாணவர்களை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள். ஒரு தாள் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள்.

இதற்கு நேர்மாறாக, செடி எப்படி இயங்குகிறது என்று சொல்லும் தாவரச் செயலியல் மூன்றாம் பருவத்தில், மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டது. நவம்பர் அடைமழையில், இலை நீரை வெளியே விடும் வேகத்தை அளக்கும் கானாங் போட்டோமீட்டரைப் (potometer) பொருத்திவிட்டு உட்கார்ந்தால் குழாயில் காற்றுக்குமிழி நகரவே நகராது. காற்றெல்லாம் ஈரமாக இருக்கும்போது இலை எங்கே நீரை வெளியே விடும்? பிள்ளைகள் போன வருட ரெக்கார்டைப் பார்த்து அளவை எழுதிவிடுவார்கள். அதே கருவியை மார்ச் வெயிலில் வைத்தால் குமிழி கண்ணெதிரே ஓடும். வேலம்பாசியில் ஒளிச்சேர்க்கைக் குமிழி எண்ணுவதற்கும் வெயில்தான் வேண்டும்.

அதனால் மூன்றாம் பருவத்தில் வகைப்பாட்டியல், நான்காம் பருவத்தில் செயலியல் என்று இடம் மாற்றுங்கள். ரிக்சியா என்ற ஈரநிலச் சிறு தாவரமும் காளானும் வரும் தாளும் மழையை ஒட்டியே இருக்கட்டும். மரபியல், செல்லியல், உயிரிப்புள்ளியியல் எல்லாம் எந்த மாதமும் நடத்தலாம். செல் பிரிவதைப் பார்க்க வைக்கும் வெங்காய வேர்நுனிக்குப் பஞ்சமில்லை. அப்புறம், ஹெர்பேரியம் சமர்ப்பிக்கும் கெடுவை ஏப்ரல் வரை நீட்டுங்கள். பொங்கலுக்குப் பூக்கும் சிறுபீளையும் ஆவாரையும், பங்குனியில் வேம்பும், சித்திரை பிறக்கும்போது சரக்கொன்றையும் அதில் சேர்ந்துவிடும்.

மழையில் களப்பயணமா என்று கேட்பார்கள். நான் ஊட்டிப் பயணத்தைச் சொல்லவில்லை. கல்லூரிக்குப் பக்கத்திலுள்ள கண்மாய்க்கரையோ கோயில்காடோ போதும். மழை விட்ட ஒரு மதியம், செய்முறை வகுப்பு நேரத்திலேயே போய்வந்துவிடலாம். துணைப்பாட வேதியியலுக்கு ஒதுக்கிய ஆய்வக நேரத்தோடு கால அட்டவணை இடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு தாள்களை இடம் மாற்றுவதால் மொத்த மணிநேரமோ கிரெடிட்டோ மாறப்போவதில்லை. தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழுவும் கல்விக்குழுவும் ஒப்புக்கொண்டால் அடுத்த ஜூனிலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
புதுக்கோட்டை.