172-ஐ 100 ஆக்குங்கள்: மேஜர் லீக் பேஸ்பால் பேச்சுவார்த்தை மேசைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் அவர்கள், 30 அணிகளின் உரிமையாளர்கள், வீரர் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவினர்.

மதிப்பிற்குரியவர்களே,

இப்போது நடப்பில் உள்ள கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதியோடு முடிகிறது. சம்பள உச்சவரம்பு, தொலைக்காட்சி வருமானம் என்று பெரிய விஷயங்கள் உங்கள் மேசையில் வரிசை கட்டி நிற்கும். அந்த நெரிசலில் ஒரு சின்ன எண் மறுபடியும் காணாமல் போய்விடக் கூடாது என்றுதான் இந்த மடல். மேஜர் லீக் அணியின் ரோஸ்டரில், அதாவது ஆடும் வீரர்கள் பட்டியலில், 172 நாள் இருந்தால்தான் ஒரு முழு வருஷ சர்வீஸ் (பணிக்காலம்) என்ற விதியை மாற்றுங்கள். அந்த 172-ஐ 100 ஆக்குங்கள்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. சீசன் ஏறத்தாழ 187 நாள். ஆறு முழு வருஷ சர்வீஸ் முடித்தவர்தான் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி எந்த அணியோடும் பேரம் பேசலாம். முதல் சீசனின் தொடக்கத்தில் ஒரு இளம் வீரரை 16 நாள் கீழ்நிலை லீகான மைனர் லீகில் நிறுத்திவைத்தால் அவர் கணக்கில் ஏறுவது 171 நாள். ஆறு சீசன் ஆடி முடித்தும் அவர் கையில் 5 வருஷம் 171 நாள்தான் இருக்கும். குறைகிற அந்த ஒரு நாளுக்காக இன்னொரு சீசன் முழுக்க அதே அணிக்கு ஆட வேண்டும். ஏற்கெனவே அணியின் விரிவான 40 பேர் பட்டியலில் உள்ளவர் என்றால் 20 நாள் கீழே வைக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆப்ஷனில் (பட்டியலில் இருந்தபடியே மைனர் லீகுக்கு அனுப்பப்பட்டு) கழிந்த நாளும் சர்வீஸில் சேர்ந்துவிடும். அதனால் அவர்கள் விஷயத்தில் மட்டும் அணிகள் இன்னும் சில நாள் கூடுதலாகக் காத்திருக்கின்றன.

கிரிஸ் பிரையன்ட் விவகாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2014-இல் மைனர் லீகின் மேல் இரண்டு நிலைகளான டபுள்-ஏ, டிரிபிள்-ஏ இரண்டிலும் சேர்த்து 43 ஹோம் ரன். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களான 2015 ஸ்பிரிங் டிரெய்னிங்கில் 40 முறை மட்டை பிடித்து 9 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .425. சிகாகோ கப்ஸ் அணியில் அவரைவிட நல்ல மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கீழே அனுப்பினார்கள். ஃபீல்டிங் இன்னும் மெருகேற வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். சீசன் ஏப்ரல் 5-இல் தொடங்கியது. டிரிபிள்-ஏ ஆட்டங்கள் தொடங்கியதே ஏப்ரல் 9-இல்தான். ஏப்ரல் 17-இல் பிரையன்ட் கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில் இறங்கினார். அந்த சீசனுக்கு மொத்தம் 183 நாள்; போனது 12; மிச்சம் 171.

இடைப்பட்ட காலத்தில் அவர் கீழே ஆடியது ஏழெட்டு ஆட்டங்கள். மூன்றாம் பேஸில் நிற்பவருக்கு ஒரு ஆட்டத்தில் இரண்டு மூன்று பந்து வந்தாலே அதிகம். அப்படியானால் மொத்தம் இருபது பந்து என்று வைத்துக்கொள்ளலாம். ஃபீல்டிங் அளவைகள் எவ்வளவு மெதுவாக நிலைப்படும் என்பது உங்கள் அணிகளின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிற கடைசி ஆளுக்கும் தெரியும். ஒரு முழு சீசன் எண்ணையே தனியாக நம்பக் கூடாது, இரண்டு மூன்று சீசனைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். இருபது பந்தில் ஒருவருடைய கால் வேகமோ எறியும் கையோ தேறியது என்று யாராலும் நிறுவ முடியாது. தேறியது நாட்காட்டிதான்.

பிரையன்ட் புகார் கொடுத்தார். 2015 டிசம்பரில் சங்கம் தாக்கல் செய்த அந்த மனுவுக்கு 2020 ஜனவரி கடைசியில்தான் விடை வந்தது. நாலு வருஷத்துக்கும் மேல். அதற்குள் அவர் ஏகமனதாக ரூக்கி ஆஃப் தி இயர் (சிறந்த புதுமுகம்) விருது வாங்கி, 2016-இல் எம்விபி (லீகின் மிக மதிப்புமிக்க வீரர்) ஆகி, 108 வருஷம் காத்திருந்த ஊருக்குச் சாம்பியன் பட்டமான வேர்ல்ட் சீரிஸும் வென்று கொடுத்துவிட்டார். தகராறைத் தீர்க்கும் நடுவர் மார்க் இர்விங்ஸ் அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மைக் ஓல்ட், டாமி லா ஸ்டெல்லா இருவருக்கும் காயம் பட்டதால் அழைத்தோம் என்று அணி சொல்ல முடிந்தது. அது பொய் என்று நிறுவ வேண்டிய சுமை வீரர் தலையில் விழுந்தது. மனசுக்குள் என்ன நினைத்து ரோஸ்டரை எழுதினார்கள் என்பதை எந்த நடுவராலும் எடுத்துக் காட்ட முடியாது. நோக்கத்தை நிரூபித்தால்தான் நியாயம் என்கிற விதி, நியாயம் கிடைக்காது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்த விதி. அதனால்தான் நல்லெண்ணத்தைக் கேட்காமல் எண்ணை மாற்றும்படி கேட்கிறோம்.

பணக் கணக்கில் பிரையன்ட்டுக்கு நஷ்டம் இல்லையே என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. 2020-இல் அவர் காயத்தோடு ஆடி .206 அடித்தார், ரசிகர்களே இல்லாத அந்த சீசன் முடிந்து சந்தைக்குப் போயிருந்தால் விலை படிந்திருக்காது. ஒரு வருஷம் கழித்து ராக்கீஸ் அணி 7 வருஷத்துக்கு 182 மில்லியன் டாலர் கொடுத்தது. மூன்று வருஷம் முடியும் முன்பே தகுதி தரும் சூப்பர் டூ சலுகையில் அவருக்கு நாலு முறை ஆர்பிட்ரேஷன் (நடுவர் வழியே சம்பளம் தீர்மானிப்பது) கிடைத்ததும் உண்மைதான். ஆனால் பறிபோனது தன் காலத்தைத் தானே தேர்ந்தெடுக்கிற உரிமை. 1975 டிசம்பரில் மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இரு வீரர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பு எழுதி, 1976 ஒப்பந்தத்தில் ஆறு வருஷம் என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட உரிமை அது. ஏழாவது வருஷம் அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. சிறிய நகர அணிகளுக்கு ஏழு வருஷம் இல்லாமல் முடியாது என்றால் மேசையில் வெளிப்படையாகக் கேட்டு, பதிலுக்கு எதையாவது கொடுத்து வாங்கட்டும்.

பிரையன்ட் தனி ஆள் அல்ல. 2018 ஸ்பிரிங்கில் .432 அடித்த ரொனால்ட் அக்குன்யா ஜூனியரை அட்லாண்டா ஏப்ரல் 25 வரை மேலே கொண்டுவரவில்லை. மறு வருஷமே அவர் 8 வருஷத்துக்கு 100 மில்லியன் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதன் கடைசியில், அணி விரும்பினால் மேலும் இரண்டு வருஷம் நீட்டிக்கலாம். காத்திருக்கும் காலம் நீளும்போது கையில் கிடைக்கிற தொகையே பெரிதாகத் தெரிகிறது. இந்த விதியின் இன்னொரு சேதம் இது. 2021 பிப்ரவரியில் சியாட்டில் மரினர்ஸ் தலைவர் கெவின் மேதர் ஒரு ரோட்டரி கிளப் கூட்டத்தில் இளம் வீரர்களின் சர்வீஸ் நாட்களைப் பற்றி வாய்விட்டே பேசினார். வீடியோ வெளியானது, அவர் பதவி விலகினார். ஜேரட் கெலனிக், லோகன் கில்பர்ட் இருவரும் மே 13-ஆம் தேதி ஒரே நாளில் அறிமுகமானார்கள். ஆள் போனார், விதி அப்படியே இருக்கிறது.

99 நாள் கதவடைப்புக்குப் பிறகு 2022-இல் நீங்கள் இந்த ஓட்டைக்கு ஒட்டுப் போட்டீர்கள் என்பதை மறுக்கவில்லை. முன்னணி 100 இளம் வீரர் பட்டியல்களில் இடம்பெற்றவரை சீசன் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டு, அவர் ரூக்கி விருது வென்றால் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் அணிக்கு ஒரு கூடுதல் தேர்வு. பலனும் இருந்தது. அதே சியாட்டில், ஹூலியோ ரோட்ரிகஸை 2022-இல் முதல் நாளே களமிறக்கியது. 2001-க்குப் பிறகு முதல் முறையாக பிளேஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்-அவுட் சுற்றுகள்) போனது. 2023 டிராஃப்டில் 29-ஆவது தேர்வும் கிடைத்தது. இது நடந்ததற்கு நன்றி சொல்கிறோம்.

ஆனால் இந்த ஒட்டு பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். தாமதமாக வந்தவரில் ரூக்கி வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடித்தவருக்கு முழு வருஷம் உண்டு, மூன்றாமவருக்குக் கிடையாது. பால் ஸ்கீன்ஸ் 2024 மே 11-இல் பிட்ஸ்பர்க்குக்காக முதல் பந்து வீசினார். விருது வென்றதால் முழு வருஷம் ஏறியது. மூன்றாமிடம் வந்திருந்தால் அதே ஆட்டத்துக்கு, அதே உழைப்புக்கு 142 நாள்தான். ஒரு தொழிலாளியின் சர்வீஸ் கணக்கு, ஒரு லீகுக்கு 30 பத்திரிகையாளர் போடுகிற வாக்கில் தொங்குவது சரியா? தயவுசெய்து யோசியுங்கள்.

இப்போது 100 ஏன் என்று சொல்கிறோம். சீசனுக்கு 5 வெற்றி கூடுதலாகத் தரக்கூடிய வீரர் என்று வைத்துக்கொள்வோம். 172 நாள் விதியில் அணி இழப்பது 14 ஆட்டம். வெற்றிக் கணக்கில் 0.4. பதிலாகக் கிடைப்பது அவர் உச்சத்தில் இருக்கும் ஒரு முழு சீசன். எந்த மேலாளரும் அந்த வியாபாரத்தைச் செய்வார், செய்யாதவரை முதலாளி கேள்வி கேட்பார். 100 நாள் விதியில் முழு வருஷத்தைத் தடுக்க 88 நாள் கீழே வைக்க வேண்டும். மார்ச் கடைசி வாரம் தொடங்கும் சீசனில் அது ஜூன் 20 வரை போகும். ஏறக்குறைய 75 ஆட்டம், 2.3 வெற்றி. 2015-இல் கப்ஸ் 97, பைரேட்ஸ் 98, கார்டினல்ஸ் 100 வெற்றியோடு முடித்தார்கள். ஒரு வெற்றி குறைந்ததால் கப்ஸ் பிளேஆஃபின் முதல் கட்டமான வைல்ட் கார்ட் ஆட்டத்தைப் பிட்ஸ்பர்க் போய் ஆட வேண்டியிருந்தது. இரண்டு வெற்றியைப் பணயம் வைக்க வெல்ல நினைக்கும் எந்த அணியும் துணியாது. 100 நாளுக்குக் குறைவாக ஆடிய சீசன்களின் நாட்கள் இன்று போலவே கூட்டிக்கொள்ளப்படட்டும்; அதில் குழப்பம் இல்லை.

தோற்கவே தீர்மானித்த அணி ஜூன் 20 வரை காத்திருக்குமே என்று கேட்பீர்கள். சில அணிகள் காத்திருக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஃபீல்டிங் என்று சொல்லித் தப்பலாம், மூன்று மாதம் டிரிபிள்-ஏ பந்துவீச்சை நொறுக்குகிற ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. மேலும் கீழும் அலைக்கழிக்கப்படும் ரிலீஃப் பிட்சர்களுக்கும் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவர்கள்) இது உதவும். ஆறு கோடையிலும் பாதிக்கு மேல் மேஜர் லீகில் வீசியவர் ஆறு வருஷம் உழைத்தவர்தான். அணி தரப்பு 2021-இல் முன்வைத்த, இருபத்தொன்பதரை வயதில் விடுதலை என்ற யோசனையை மட்டும் மறுபடி எடுக்காதீர்கள். 19 வயதில் அறிமுகமாகி 26 வயதில் சந்தைக்கு வந்த வான் சோட்டோ போன்றவர்களை அது மூன்று வருஷம் கட்டிப்போடும். வீரர் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை: ஃப்ரீ ஏஜென்சி காலத்தைக் குறைக்கும் கோரிக்கையைச் சென்ற முறை பாதி வழியில் கைவிட்டீர்கள். இந்த முறை ஆறு வருஷத்தைக் குறைக்க முடியாவிட்டாலும், ஆறு என்பது ஆறாகவே இருக்கட்டும் என்றாவது பிடிவாதமாக நில்லுங்கள்.

ரசிகர்களாகிய எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். யாரை எடுக்க வேண்டும், யாரை அனுப்ப வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க வாதாடுகிறோம். பந்து மட்டையை விட்டுப் பறக்கும் வேகம், ஸ்டிரைக் ஸோனுக்கு வெளியே போகும் பந்தைத் துரத்தும் விகிதம், ஸ்லைடரில் ஏமாறும் அளவு என்று நீங்கள் பொதுவில் வைத்த எண்களையே எடுத்து ஆராய்கிறோம். உண்மையாகவே தயாராகாத இளைஞர்களும் உண்டு. டிரிபிள்-ஏவில் வேகப்பந்தை அடித்துவிட்டு வளைபந்தில் தடுமாறுபவரை இன்னும் ஒரு மாதம் வைத்திருப்பது நல்ல முடிவு. ஆனால் நல்ல முடிவையும் நாள் கடத்தலையும் வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதபடி இந்த விதி ஆக்கிவிட்டது. நேர்மையாக முடிவெடுக்கிற மேலாளர் மீதும் சந்தேகம் விழுகிறது. ஏப்ரல் டிக்கெட்டுக்கு நாங்கள் கொடுப்பது முழு விலை. களத்தில் நிற்பது அணியின் சிறந்த 26 பேர் இல்லை என்பது அணிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், டிரிபிள்-ஏவில் உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞருக்கும் தெரியும். அவருக்கு அது சம்பளத்திலும் தெரியும்: 40 பேர் பட்டியலில் இல்லாதவருக்கு டிரிபிள்-ஏ குறைந்தபட்சம் 2023-இல் ஒரு வருஷத்துக்கே 35,800 டாலர். மேலே இருந்தால் 2026-இல் குறைந்தபட்சம் 7,80,000; நாளுக்கு 4,000-க்கு மேல். அந்த 16 நாள் யாருக்கும் சின்ன விஷயமில்லை.

கோபத்தில் சொல் நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவில், ஒரு முழு வருஷ சர்வீஸுக்கான நாள் கணக்கு வரும் இடத்தில் 172 என்பதை எடுத்துவிட்டு 100 என்று எழுதும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். 2027 சீசனின் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தால் போதும். முடிந்த சீசன்களின் கணக்கைத் திருத்த வேண்டாம். அதை நம்பிப் போட்ட ஒப்பந்தங்கள் அப்படியே இருக்கட்டும். இனி வரும் இளைஞர்களுக்கு மட்டுமாவது இதைச் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
பேஸ்பால் ரசிகர்கள்