உன் மகள் ஏற்றிருக்கும் பொறுப்பு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். மகள் மாணவர் பேரவைத் தலைவியாகிவிட்டாள், இந்த வருடம் கல்லூரியைச் சுற்றியிருக்கும் மக்களுக்கு உருப்படியாக ஏதாவது செய்தே தீருவேன் என்று நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷமாக இருக்கிறது. படிப்பு கெட்டுவிடுமோ என்ற உன் பயமும் புரிகிறது. மாணவர் சேவைக் குழுவுக்குப் பொறுப்பாசிரியையாக இருப்பதால் அந்தப் பயத்தை நிறைய பெற்றோர் முகத்தில் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் எங்கள் குழுவின் செய்தி. இந்த முறை தலைவனாக வந்தவன் அதிகம் பேசாத பையன். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் வாங்கிக் கொடுப்பது குழுவின் பழைய வழக்கம். இவன் வசூலில் இறங்குவதற்கு முன்பே அந்தப் பள்ளிக்குப் போய், தலைமையாசிரியையிடம் என்ன தேவை என்று கேட்டிருக்கிறான். பையெல்லாம் வேண்டிய அளவு வந்துவிடுகிறது தம்பி, ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளி விட்டபிறகு அவர்களோடு உட்காரத்தான் ஆள் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்றே திட்டம் மாறிவிட்டது. இப்போது எங்கள் மாணவர்கள் மாலையில் அங்கே போய்ப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கிறார்கள்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நடத்திப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். செமஸ்டர் தேர்வு நெருங்கினால் கல்லூரிப் பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள். பழகிய அக்காவோ அண்ணனோ திடீரென்று வராமல் போனால், நாம் சரியாகப் படிக்காததால்தான் வரவில்லையோ என்று அந்தச் சின்ன மனசு நினைத்துக்கொள்ளும். அதனால் இவர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பேரைப் பழக்கிவிட்டார்கள், அந்த இருவருக்கும் ஒரே சமயத்தில் தேர்வு வராதபடி வெவ்வேறு துறையிலிருந்து. வரமுடியாத வாரங்களைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். எந்த மாணவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, பள்ளியின் ஆசிரியர் ஒருவர் கண்பார்வையில் இருக்கவேண்டும், பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பவை நான் போட்ட விதிகள். இவற்றில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்கமாட்டேன். உன் மகள் பிள்ளைகளோடு வேலை செய்வதாக இருந்தால் இதை முதல் நாளே சொல்லிவிடு.

அவர்கள் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் வைத்திருக்கும் குறிப்பு நோட்டு. ணகர னகர வேறுபாட்டில் தடுமாறுகிறான், கூட்டெழுத்து வந்தால் நின்றுவிடுகிறாள், மீன் கதை என்றால் உடனே வாசிக்கிறாள் என்றெல்லாம் அதில் எழுதி வைக்கிறார்கள். அடுத்த நாள் வேறு ஒருவர் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்த வருடம் வேறு தலைவர் வந்தாலும் அப்படியே.

நான் உனக்குச் சொல்ல நினைப்பதே இந்தக் கடைசி விஷயத்தைத்தான். மாணவர் தலைமை என்பது ஒரு வருடப் பொறுப்பு. உதவி பெறுகிறவர்களின் தேவை அந்த ஒரு வருடத்தில் முடிகிறதில்லை. எத்தனையோ நல்ல திட்டங்கள் அதைத் தொடங்கியவர் பட்டம் வாங்கிய மாதத்தோடு நின்றுபோகின்றன. பணமில்லாமல் நிற்பதைவிட, யாரிடம் பேசவேண்டும், சாவி யாரிடம் இருக்கிறது, பாதியில் இருக்கும் வேலை எது என்று அடுத்தவருக்குத் தெரியாமல் நிற்பதுதான் அதிகம். ஒரு தலைவி பதவியேற்ற மாதமே தனக்குப் பின் யார் என்று யோசிக்க ஆரம்பிக்கவேண்டும். பேச்சுப்போட்டியில் பரிசு வாங்குகிறவர்களைத் தேடாமல், சொன்ன நேரத்துக்கு வருகிற ஜூனியர்களைத் தேடச் சொல்.

ஒப்படைப்பை ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் 'தான்' (THON) என்ற நடன மாரத்தானைச் சொல்லலாம். 1973இல் சின்னதாகத் தொடங்கியது. 1977 முதல் புற்றுநோய் வந்த குழந்தைகளின் குடும்பங்களுக்கு உதவும் நிதிக்காக நடக்கிறது. 46 மணி நேரம் உட்காராமல், தூங்காமல் ஆடுவார்கள். இதுவரை 20 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறார்கள். நடத்துகிறவர்கள் மாணவர்களே. படிப்பை முடித்துப் போகிறவர்களின் இடத்தில் புதியவர்கள் வந்தபடியே இருக்கிறார்கள். அப்படியும் அரை நூற்றாண்டாக நிற்கவில்லை. அந்தத் தொகையைவிட இதுதான் எனக்குப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்து மாணவர்களின் கதை இன்னும் மனசைத் தொடும். 2010 செப்டம்பரில் அங்கே நிலநடுக்கம் வந்தது. கேன்டர்பரி பல்கலைக்கழக மாணவர் சாம் ஜான்சன் ஃபேஸ்புக்கில் ஓர் அழைப்பு விடுத்தார். நிலம் குழம்பிப் பொங்கிய சேறு வீட்டுக்கு வீடு நிரம்பிக் கிடக்கிறது, அள்ள வாருங்கள் என்பதுதான் செய்தி. 2011 பிப்ரவரியில் 185 உயிர்களைப் பறித்த அடுத்த நிலநடுக்கம் வந்தபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் மண்வெட்டியோடு தெருவில் இறங்கினார்கள். 'மாணவர் தொண்டர் படை' என்ற பெயரில் அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. 2020 ஊரடங்கில் வெளியே போகமுடியாதவர்களுக்கு மளிகைப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்கள்தான். சேறு அள்ளுவதற்குப் பெரிய நிபுணத்துவம் வேண்டாம். கை வேண்டும், ஒழுங்கு வேண்டும், யார் எந்தத் தெருவுக்கு என்று பிரித்து அனுப்ப ஒருவர் வேண்டும். மாணவர்களிடம் இருப்பது எது, இல்லாதது எது என்று தெரிந்து தேர்ந்தெடுத்த வேலை அது. வீடு கட்டுவது, மருந்து கொடுப்பது போன்ற பயிற்சி தேவைப்படும் வேலைகளில் ஆர்வத்தை மட்டும் நம்பி இறங்கினால், கெடுதல் செய்துவிட்டுத்தான் திரும்புவோம்.

படிப்பைப் பற்றி உனக்கு ஒரே பதில் சொல்லமுடியாது. வாரத்துக்கு இவ்வளவு நேரம்தான் என்று முதலிலேயே வரையறுத்துக்கொண்டவர்கள் தேறிவிடுகிறார்கள். எல்லா வேலையையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறவர்கள்தான் திணறுகிறார்கள். நம் நாட்டு நலப்பணித் திட்டத்தில்கூட ஒரு மாணவருக்கு வருடத்துக்கு 120 மணி நேரம் என்றுதான் கணக்கு. அதை வாரத்துக்குப் பிரித்துப் பார், இரண்டு மூன்று மணிக்குள்தான் வரும். பொறுப்பைப் பிரித்துக் கொடுக்க உன் மகளுக்குத் தெரிந்துவிட்டால் பாதிக் கவலையை விட்டுவிடலாம்.

அப்புறம், அவள் இதிலிருந்து பெறப்போவதையும் நினைத்துப்பார். 1884இல் லண்டனின் ஏழைப் பகுதியான வொயிட்சேப்பலில், சாமுவேல் பார்னட்டும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் டாயின்பீ ஹாலைத் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த இளைஞர்கள் எப்போதாவது வந்து தர்மம் செய்துவிட்டுப் போகாமல், அங்கேயே தங்கி அந்த மக்களோடு வாழ்ந்து வேலை செய்யவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இளம் வயதில் அங்கே பணியாற்றியவர்களில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அடிப்படையான 1942ஆம் ஆண்டு அறிக்கை அவருடையது. 1945இல் பிரதமராகி அவற்றை நடைமுறைப்படுத்திய கிளமென்ட் அட்லியும் கொஞ்ச காலம் அங்கே இருந்தவர்தான். உன் மகள் பிரதமராகவேண்டாம். பள்ளி வாசலில் நின்று தலைமையாசிரியை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிற பழக்கம் வந்தாலே, நாளை அவள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் எதிரில் நிற்கிறவர்களுக்கு நல்லது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எவ்வளவு சின்னத் தொகையானாலும் ரசீது, இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒருமுறை எல்லோரும் பார்க்கும்படி வரவு செலவு. சொந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்கவேண்டாம். நல்ல பெயரோடு இருக்கும் பிள்ளைமீது சந்தேகம் விழுந்தால் அதைத் துடைப்பது ரொம்பக் கஷ்டம். போட்டோவுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பொருளை நீட்டிக் கொடுப்பதும் கையேந்தி வாங்குவதுமான படங்களை எங்கள் குழுவில் எடுப்பதில்லை என்று இந்த வருடப் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளையும் நாளைக்கு வளர்ந்து அதைப் பார்க்கும் என்று ஒரு மாணவி சொன்னாள். பதில் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

உன் மகளின் திட்டம் என்ன என்பதை நீ எழுதவே இல்லையே? அவளையே ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பச் சொல். யாரைக் கேட்டு அந்தத் தேவையைத் தெரிந்துகொண்டாள் என்பதையும் சேர்த்து எழுதட்டும். எங்கள் தலைவனின் குறிப்பு நோட்டு ஒன்றின் மாதிரியை, பிள்ளையின் பெயரை நீக்கிவிட்டு, நான் அனுப்பி வைக்கிறேன். அவன் உன் மகளோடு பேசவும் தயார் என்கிறான், விடுமுறையில் ஒருநாள் இருவரும் வீடியோவில் பேசட்டும்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடிப்படியைக் குறைத்துக்கொள் என்று மருத்துவர் சொன்னதை நீ கேட்டிருக்கமாட்டாய் என்று தெரியும். என் அம்மா நன்றாக இருக்கிறார், உன்னை விசாரித்தார். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. உன் மகளுக்குத் தனியாக.

உன் பழைய தோழி