ரெக்கார்ட் சிக்கலை அவிழ்த்தவருக்கு நன்றி

ஏபிபி நிறுவனத்தின் தொழிற்சாலை ரோபோவில் நாமே வரையறுத்த ரெக்கார்ட் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் வகை) தரவைக் கணினியிலிருந்து படிக்கவும் எழுதவும் வழி சொன்ன, பெயர் தெரியாத நண்பருக்கு மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னதுதான் சங்கதி: பிசி எஸ்டிகே (கணினி நிரலை ரோபோவோடு பேசவைக்கும் ஏபிபியின் மென்பொருள் தொகுப்பு) வழியாகப் படிக்கும்போது கைக்கு வருவது நகல் மட்டுமே. அதில் ஒரு உறுப்பை, அதாவது உள்ளிருக்கும் ஒரு மதிப்பை, மாற்றினால் ரோபோவை இயக்கும் கன்ட்ரோலரில் எதுவும் மாறாது. மாஸ்டர்ஷிப் (எழுதும் உரிமை) வாங்கி, முழு ரெக்கார்டையும் திரும்ப எழுத வேண்டும். முடிந்ததும் மாஸ்டர்ஷிப்பை விட்டுவிட வேண்டும்.

உறுப்புகளின் எண் 0-வில் தொடங்கும். ரேபிட் (ஏபிபி ரோபோக்களின் நிரல்மொழி) நிரலில் அறிவித்த வரிசையே வரிசை. நடுவில் யாராவது புதிதாக ஒன்றைச் செருகினால், உதாரணமாக, வேகம் போகவேண்டிய இடத்தில் உயரம் போய் உட்காரும். இரண்டும் எண்களே என்பதால் பிழைச்செய்திகூட வராது, அதுதான் ஆபத்து! ஸ்ட்ரிங் (எழுத்துச்சரம்) மதிப்பை மேற்கோள்குறியோடு சேர்த்தே அனுப்பச் சொன்ன உங்கள் பதிலின் கடைசி வரிக்குத் தனி நன்றி.