முகத்தைக் கேட்கும் ஆப்

அன்புள்ள செல்வாவுக்கு,

பென்ஷனுக்கு வருடாவருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழுக்காக வங்கிக்கு அலைய வேண்டாம், போனிலேயே முகத்தைக் காட்டி முடித்துவிடுங்கள் என்றாய். சரி, செய்கிறேன். 2021-லிருந்தே அந்த வசதி இருக்கிறது. ஆனால் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க்கைத் தொடமாட்டேன். ப்ளே ஸ்டோரில் நானே தேடி ஏற்றிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

தாய்லாந்தில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். 50,000 பாத்துக்கு மேல் அனுப்பினால் முகத்தையும் சரிபார்க்க வேண்டும் என்று 2023-ல் அங்குள்ள வங்கிகளுக்கு உத்தரவு வந்தது. திருடர்கள் அந்த முகத்தையே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அரசு ஓய்வூதிய ஆப் போலவே ஒரு போலி ஆப். கண்ணைச் சிமிட்டு, சிரி, தலையை ஆட்டு என்று சொல்லி வீடியோ பிடிக்கும். அடையாள அட்டையையும் படம் எடுக்கச் சொல்லும். 2024 பிப்ரவரியில் குரூப்-ஐபி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் இதை வெளியே கொண்டுவந்து 'கோல்டுபிக்காக்ஸ்' என்று பெயர் வைத்தது. அந்த வீடியோவிலிருந்து டீப்ஃபேக், அதாவது அசல் போலவே தெரியும் போலி முக வீடியோ, தயாரித்து வங்கிக் கணக்கில் நுழைவதுதான் திட்டம் என்றார்கள். மாட்டிக்கொள்வது யார்? பென்ஷன் வாங்கும் என் வயதுக்காரர்கள்தான்.

நான் வங்கிக் கவுன்டரில் வேலை பார்த்தபோது கையெழுத்தில் சந்தேகம் வந்தால் வாடிக்கையாளரை வரச்சொல்லிப் புது மாதிரிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். முகத்தை எங்கே போய் மாற்றுவது?

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். கேமரா முன்னால் போட்டோவையோ முகமூடியையோ பிடிப்பதை, முகத்தைச் சரிபார்க்கும் உங்கள் சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கும் என்கிறாய். கேமராவே இல்லாமல், தயாரித்து வைத்த வீடியோவை நேராக ஆப்புக்குள் செலுத்தினால்? கண் சிமிட்டுகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனைக்கு அந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாதே.

வீடியோ கேஒய்சி-யை, அதாவது வாடிக்கையாளரின் அடையாளத்தை வீடியோ அழைப்பிலேயே சரிபார்ப்பதை, ரிசர்வ் வங்கி 2020-ல் அனுமதித்தபோது மறுபக்கம் வங்கி அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும் என்றுதான் விதி வைத்தது. அந்த அதிகாரியை வெறும் சம்பிரதாயம் என்று போனில் கிண்டல் செய்தாயே, அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எழுதி வைத்ததையே ஒப்பிக்காமல் நாலு கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் அங்கே வேண்டும்.

அப்புறம், படம் நிஜக் கேமராவிலிருந்துதான் வருகிறதா என்று உங்கள் சாஃப்ட்வேர் சோதிக்கிறதா? விசாரித்து எழுது. அப்பாவின் பழைய போனில் உயிர்வாழ் சான்றிதழ் ஆப் ஏறாது, அவரை நான் வங்கிக்கே கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
அம்மா